மூன்று ஆங்கிலச் சொற்களும் ஓர் இதயமும்

இதய நோய்ப் பிரிவிலிருந்து வீடு திரும்புவோரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்னும் சொற்களைக் கண்டதும் குடும்பத்தார் நிலைகுலைந்து போவதுண்டு. நம் பேச்சுவழக்கில் ‘ஹார்ட் ஃபெயிலியரில் போய்விட்டார்’ என்றால் இறந்துவிட்டார் என்றே பொருள். மருத்துவத்தில் அது மரணத்தைக் குறிப்பதன்று. உடலின் தேவைக்கேற்ப இரத்தத்தை இறைக்கும் திறன் இதயத்துக்குக் குறைந்துள்ளது என்பதே அதன் பொருள். இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. தமிழில் இதனை ‘இதயச் செயலிழப்பு’ என்று எழுதுவது அச்சத்தை மேலும் கூட்டுகிறது. ‘இதயத் தளர்ச்சி’ என்பதே உண்மைக்கு நெருக்கமானது என்று கருதுகிறேன்.

எக்கோ அறிக்கையில் ‘எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 60%’ என்றிருப்பதைப் பார்த்து, மீதி 40 எங்கே போயிற்று என்று வருந்துவோரும் உண்டு. இது தேர்வு மதிப்பெண் அன்று. நலமான இதயமும் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் நிறைந்த இரத்தத்தில் ஏறத்தாழ 55 முதல் 70 விழுக்காட்டையே வெளியேற்றும்.

‘ஹார்ட் அட்டாக்’, அதாவது மாரடைப்பு, வேறு. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் அடைப்பு ஏற்பட்டு, அத்தசை மடியத் தொடங்கும் நிலை அது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார், பேசுவார், நடக்கவும் செய்வார். அதனாலேயே ‘வாயுத் தொல்லைதான்’ என்று சோடா அருந்திக் காத்திருந்து, பொன்னான நேரத்தை இழக்கிறார்கள். நெஞ்சில் அழுத்தம், குளிர்ந்த வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி ஆகியவை தோன்றினால் உடனே 108-ஐ அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியின்றி மூச்சுத்திணறல் மட்டுமே தோன்றவும் கூடும்.

‘கார்டியாக் அரெஸ்ட்’ என்பதில் உள்ள அரெஸ்ட் காவல்துறையின் கைது அன்று, நின்றுபோதல். இதயத்தின் மின்னோட்டம் சீர்குலைந்து, இரத்த ஓட்டமே நின்றுவிடுகிறது. மாரடைப்பு இதற்குக் காரணமாகலாம். ஆனால் எல்லா மாரடைப்பும் இதில் முடிவதில்லை. நோயாளி சட்டென்று சாய்வார், அழைத்தால் விழிக்கமாட்டார். இடைவிட்டு எழும் விக்கல் போன்ற மூச்சைக் கண்டு உயிர்மூச்சு இருப்பதாக எண்ணி ஏமாற வேண்டா. வாயில் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றொருவர் மார்பின் நடுவே இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் அளவுக்குக் குறையாமல் அமிழும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தி விட வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தலாகாது. விலா எலும்பு முறியுமோ என்று பலர் தயங்குகிறார்கள். முறிந்த எலும்பைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம்.

இதயத் தளர்ச்சி உள்ளவர்கள் தினமும் காலையில், சிறுநீர் கழித்தபின், உண்பதற்கு முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று நாள்களுக்குள் 2 கிலோ கூடினால் அது சதையன்று, உடலில் தேங்கிய நீர். மறுபரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். கால் வீக்கம் வடிந்துவிட்டதென்று நீர் பிரியும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டா.