கயிறும் வாளியும் இருக்கின்றனவா உங்கள் இல்லத்தில்?

இக்கட்டுரையைத் தொடர்ந்து படிக்குமுன், சிரமம் பாராது எழுந்து சென்று உங்கள் இல்லத்தின் கொல்லைப்புறத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். கிணறு இருக்கிறதா? இருந்தால் அதில் சகடை இருக்கிறதா? சகடையில் கயிறு தொங்குகிறதா? அந்தக் கயிறு ஒரு வாளித் தண்ணீரைத் தாங்குமா?

'பொத்தானை அழுத்தினால் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிற காலத்தில் சகடையாவது கயிறாவது!' என்று நீங்கள் நகைக்கலாம். 2018ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி வியாழன் இரவு வரை நானும் அப்படித்தான் நகைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவுதான் கஜா வந்தது. அப்பெயரை வழங்கியது இலங்கை. யானை என்று பொருள். நள்ளிரவு கடந்து நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிய அந்த யானை, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளை மிதித்துத் துவைத்தது. பின்னர் எங்கள் சிவகங்கைச் சீமையையும் உலுக்கிவிட்டு, திண்டுக்கல் பக்கமாக மேற்கே சென்றது. கடற்கரைப் பகுதிகளில் 80,000க்கும் மேற்பட்டோரை அரசு முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பியிருந்தது. இல்லையேல் உயிரிழப்பு எங்கே போய் நின்றிருக்குமோ, இறைவனே அறிவான்.

காரைக்குடி கடலோர ஊர் அன்று. புயல் கரையேறிய இடம் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். 'புயலெல்லாம் அதிராம்பட்டினத்தாருக்கும் முத்துப்பேட்டையாருக்கும் உரிய கவலை; நமக்குக் கொஞ்சம் மழை கிடைத்தால் சரி' என்பதே எங்கள் தெருவின் பொதுவான எண்ணம். மாடித் தொட்டியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. 'காலையில் மோட்டார் போட்டுக்கொள்ளலாம்' என்று உறங்கப் போய்விட்டோம்.

சுபுஹு நேரத்தை ஒட்டிக் காற்று எங்களை எழுப்பியது. காற்று என்று எழுதிவிட்டேனே தவிர, அந்த ஓசைக்கு அது சரியான சொல் அன்று. தகரக் கூரையொன்று தெருவில் உருண்டோடியது. வேம்பு ஒன்று முறிந்து மின்கம்பியோடு சாய்ந்தது. அன்று பள்ளிவாசலில் ஒலிபெருக்கி இல்லை. மோதினார் வெறுங்குரலில் சொன்ன பாங்கு காற்றில் அறுந்து அறுந்து வந்து சேர்ந்தது. எங்கள் அத்தா படுக்கையிலிருந்தபடியே, "அறுபத்து நாலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அன்றைக்கு இப்படித்தான் இருந்தது" என்றார்.

விடிந்தபின் காற்று ஓய்ந்தது. வீட்டில் சில ஓடுகள் பெயர்ந்திருந்தன, அவ்வளவே. அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டோம். உண்மையான சோதனை அதன் பிறகே தொடங்கியது.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆவிற்காக வீட்டில் ஒவ்வொருவராகக் குளிக்க, பத்து மணிக்கெல்லாம் தொட்டி வறண்டது. மின்சாரம் இல்லை, எனவே மோட்டார் இல்லை, எனவே தண்ணீர் இல்லை. கொல்லையில் கிணறு இருந்தது. ஆனால் ஆழ்குழாய் போட்ட ஆண்டே, குழந்தைகள் விழுந்துவிடக் கூடாதென்று அதன் வாயைக் கான்கிரீட்டால் மூடி, மேலே துவைகல் அமைத்திருந்தோம். காலடியில் தண்ணீர், தொண்டையில் வறட்சி!

அடுத்த வீட்டு ஆச்சி அன்றே தடுத்தார்கள். "மூடாதீக தம்பி. கெணறு என்ன சோறா கேக்குது? அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போகட்டும்" என்றார்கள். பழைய காலத்து மனுஷி என்று எண்ணிக் கேளாமலிருந்தேன். அதே ஆச்சியின் வாசலில்தான் கஜாவன்று காலை வெறுங்குடத்தோடு போய் நின்றேன். என்ன சொல்லிக் கேட்பது என்று நான் தயங்கியதை அவர்கள் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "கயிறு கெடக்கு, வாளி கெடக்கு. எறைச்சுக்கங்க தம்பி. ஐயா எந்திரிச்சுட்டாகளா? அவுகளுக்கு மொதல்ல வெந்நி வைக்கச் சொல்லுங்க."

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வெளிநாட்டினர் வருகிறார்கள். பர்மாத் தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரையையும் படம் பிடித்துச் செல்கிறார்கள். அந்த வீடுகளைக் கட்டியவர்களின் தண்ணீர் அறிவை யாரும் படம் பிடிப்பதாகத் தெரியவில்லை. நான்கு புறக் கூரையிலும் விழும் மழையை வளவு முற்றத்தில் சேர்த்து, அண்டாக்களில் பிடித்து வைத்தார்கள். வெளியே ஓடுவதை ஊருணிக்கு விட்டார்கள். கொல்லைப்புறத்தில் கிணறு வெட்டினார்கள். காரைக்குடிக்குச் சம்பை ஊற்றின் சுவைநீர் வாய்த்திருந்தும், ஒவ்வொரு வீடும் தனக்கென ஒரு கையிருப்பு வைத்திருந்தது. அந்தக் கையிருப்பைத்தான் நாம் கான்கிரீட் போட்டு மூடினோம்.

நண்பகலுக்குள் எங்கள் தெருவே ஆச்சி வீட்டுக் கொல்லையில் கூடிவிட்டது. பள்ளிவாசலின் ஹவுளில் இருந்த நீரை ஒளுவுக்குப் போக மீதியை எல்லார்க்கும் திறந்துவிட்டார்கள். ஆனால் குடிக்கவும் சமைக்கவும் கிணறுதான். ஆச்சி ஒரு முக்காலியைப் போட்டு அமர்ந்துகொண்டு, கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு முதலில், நோயாளி உள்ள வீட்டுக்கு அடுத்து, மற்றவர்களுக்கு வீட்டுக்கு இரண்டு குடம் என்று வரிசை செய்தார்கள். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை! இளைஞர்கள் முறை வைத்து இறைத்தார்கள். உள்ளங்கை கொப்பளித்தவர்களுள் கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளைகளும் உண்டு. மறுநாள் கயிறு அறுந்து வாளி உள்ளே போனபோது, தெருக்கோடி ஆசாரியார் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பாதாளக்கரண்டி வந்தது. அப்படியொரு பொருள் இருப்பதையே எங்கள் பிள்ளைகள் அன்றுதான் அறிந்தார்கள்.

இங்கே சகோதரிகளுக்கு ஒரு செய்தி. எங்கள் தெருவில் ஒரு பெண்மணி இத்தாவில் இருந்தார். பருவம் எய்திய மகள் ஒருத்தியைத் தவிர வீட்டில் ஆள் இல்லை. அவசரத் தேவைக்கு வெளியே வர மார்க்கம் தடுக்கவில்லை என்று ஆலிம்கள் விளக்குவார்கள்; ஆனாலும் கூட்டத்தில் வந்து நிற்க அவர் மனம் ஒப்பவில்லை. அவ்வீட்டை எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. ஜும்ஆவில் அண்டை வீட்டார் உரிமை பற்றிக் கேட்டுவிட்டு வந்த நாங்கள்தாம் மறந்தோம் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். "அந்தப் பச்சைக் கதவு வீட்டுலேருந்து யாரையும் காணலையே?" என்று கேட்டது ஆச்சி. அன்று மாலைதான் முதல் குடம் அங்கே போயிற்று.

ஆகவே உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். மழைக்காலம் தொடங்குமுன் உங்கள் வீட்டின் இருபுறமும் எதிர்ப்புறமுமாகப் பத்து வீடுகளை மனத்தில் கொண்டு வாருங்கள். எந்த வீட்டில் முதியவர் தனித்திருக்கிறார், எங்கே படுக்கையில் நோயாளி, யார் நிறைமாதக் கர்ப்பிணி, யார் வீட்டு ஆண்மக்கள் சவூதியிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிகிறதா? எனக்கு அன்று நான்கு வீடுகளுக்கு மேல் தெரியவில்லை. அவர்களுள் எவரேனும் நம் வீட்டைப் பற்றி அறிவார்களா என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வி.

அத்தாவுக்கு இன்சுலின் உண்டு. குளிர்பதனப் பெட்டி நின்றுவிட்டதும் என் துணைவியார் கலங்கிப் போனார். மருத்துவத் துறையில் பணியாற்றும் பக்கத்துத் தெருச் சகோதரி ஒருவர் வந்து வழி சொன்னார். அகன்ற மண்பானைக்குள் மணலிட்டு, அதன் நடுவே சிறிய பானையைப் பதித்து, மணலை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்சுலின் குப்பியை ஈரம் படாத டப்பாவிலிட்டுச் சிறிய பானைக்குள் வைத்து மூடி, நிழலில் காற்றோட்டமாக விட வேண்டும். பனிக்கட்டியோடு நேரடியாக வைத்து உறையவிட்டால் மருந்து கெட்டுவிடும். பயன்படுத்தத் தொடங்கிய குப்பி, கடும் வெயில் படாத அறையில் பொதுவாக நான்கு வாரம் வரை தாங்கும் என்றும் சொன்னார். மருந்துக்கு மருந்து இது மாறுபடும். உங்கள் வீட்டு மருந்துக்கு என்ன கணக்கு என்பதை மருத்துவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். இருட்டில் கேட்க நினைத்தால் தொலைபேசி இராது. எங்களுக்கும் அன்று செல்பேசி ஊமையாயிற்று.

கிணற்று நீர் பற்றியும் ஒரு சொல். புயலுக்குப் பின் கிணற்றில் இலைதழையும் தெருவெள்ளமும் சேர்ந்திருக்கும். ஆயிரம் லிட்டர் நீருக்கு இரண்டரைக் கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான அளவு. இரண்டு மீட்டர் அகலமுள்ள வட்டக் கிணற்றில் மூன்று மீட்டர் நீர் நின்றால், அது ஏறத்தாழ ஒன்பதாயிரத்து நானூறு லிட்டர். சுமார் இருபத்து நான்கு கிராம் போதும். வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து இறைக்கலாம். குடிப்பதைக் கொதிக்க வைத்துக்கொள்வது மேலும் நல்லது.

மூன்றாம் நாள் இரவு எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்தது. நாங்கள் பெற்றது யானையின் வால்வீச்சு மட்டுமே என்பது, ஜமாஅத் இளைஞர்களோடு வண்டியில் அறந்தாங்கி, கீரமங்கலம் பக்கம் சென்றபோதுதான் விளங்கிற்று. பிள்ளைபோல் வளர்த்த தென்னைகள் வேரோடு படுத்திருந்தன. மாநிலத்தில் இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்திருந்த நிலையில், அங்குள்ள பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. ஜெனரேட்டரை வண்டியிலேற்றி வீடு வீடாகச் சென்று, மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு தொட்டி நிரப்பினார்கள். நாங்கள் அரிசி மூட்டைகளை இறக்கினோம். அவர்கள் கேட்டதோ தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி. பெண்கள் கேட்கக் கூசிய பொருட்களும் உண்டு. உதவப் புறப்படுமுன் அங்குள்ள பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்று அன்று கற்றோம். கேரளத்திலிருந்து மின் ஊழியர்கள் வந்து கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதங்களுக்கு முன், ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தில் தமிழகம் லாரி லாரியாக அவர்களுக்கு அனுப்பியிருந்தது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் என் தம்பி மகனிடம் இதையெல்லாம் சொன்னபோது, 'அங்கெல்லாம் இப்படி நேராது' என்ற நினைப்பே அவனுக்கும் எனக்கும் இருந்தது. 2022 டிசம்பரில் அந்த மாநிலத்தின் பஃபலோ நகரைப் பனிப்புயல் சூழ்ந்தது. நான்கு அடிக்கும் மேலாகப் பனி பெய்து, ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் தெருவிலேயே புதைந்தன. அப்பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் சிலர் தத்தம் வீட்டிற்குள்ளேயே. அதே புயலில் கொரியாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளின் வண்டி பனியில் சிக்கியது. மண்வெட்டி கேட்டுக் கதவைத் தட்டியவர்களை, ஒரு தம்பதியர் பத்துப் பேரையும் உள்ளே அழைத்து இரண்டு இரவுகள் தங்க வைத்தனர். வந்தவர்கள் கொரியச் சமையல் செய்து அவர்களுக்குப் பரிமாறினார்களாம்! அரசின் வண்டி எட்டாத இடத்தில் பக்கத்து வீட்டுக் கதவு எட்டியிருக்கிறது.

அந்தக் குளிர்நாட்டாரிடம் நாம் கற்க வேண்டிய எச்சரிக்கையும் ஒன்று உண்டு. மின்சாரமற்ற வீட்டில் ஜெனரேட்டரையோ கரியடுப்பையோ மூடிய இடத்தில் எரித்து, மணமும் நிறமுமற்ற நச்சுவாயுவால் உறக்கத்திலேயே மாண்டவர்கள் அங்கே ஏராளம். எங்கள் தெருவிலும் மழைக்குப் பயந்து வாடகை ஜெனரேட்டரை நடைக்குள் வைத்து ஓட்ட முயன்றார்கள். அதை வெளியே, சன்னலிலிருந்து எட்டத்தில்தான் வைக்க வேண்டும். நனையுமென்றால் ஓட்டாமலிருப்பதே உத்தமம்.

2019ஆம் ஆண்டு கோடையில் எங்கள் கிணற்றின் கான்கிரீட் மூடியை உடைத்தோம். மூடுவதற்கு ஆனதைப்போல் மும்மடங்கு செலவு. தூர் வாரியபோது பழைய பித்தளைச் செம்பு ஒன்றும், காணாமற்போனதாக என் தமக்கை அடி வாங்கிய வெள்ளிக் கொலுசு ஒன்றும் கிடைத்தன. குழந்தைகளுக்காக இரும்புக் கம்பி வலை போட்டுப் பூட்டியிருக்கிறோம்.

ஆச்சி இப்போது சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறார்கள். புறப்படும்போது வீட்டுச் சாவியை எங்களிடம் தந்தார்கள். இறைக்காத கிணறு கெட்டுவிடும் என்பதால் வெள்ளிக்கிழமைதோறும் காலையில் என் இளைய மகன் அங்கே போய்ப் பத்து வாளி இறைத்து, அவர்களுடைய கறிவேப்பிலை மரத்துக்கு ஊற்றிவிட்டு வருகிறான். ஐப்பசி பிறந்ததும் ஆச்சியிடமிருந்து தொலைபேசி வரும். நலம் விசாரிப்பெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி, "தம்பி, கயிறு மாத்துனீகளா?"