உஷார்! அந்த அட்டவணையை நம்பி விமானம் ஏறாதீர்கள்

சர்வதேச வணிகத்தில் முதுகலை படிக்க சிங்கப்பூருக்கோ சியோலுக்கோ டோக்கியோவுக்கோ கிளம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, அவர்களுக்காக வங்கிக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகும் பெற்றோரே, பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஆசியக் கலாசாரங்களும் வணிகமும் என்ற மாதிரி ஒரு தாள் உங்கள் பாடத்திட்டத்தில் நிச்சயம் இருக்கும். பல இடங்களில் அந்தத் தாள் முழுவதும் ஒரே ஒரு அட்டவணையின் மேல்தான் நிற்கிறது. இடப்பக்கம் ஜப்பான், கொரியா, சீனா, மலேசியா, இந்தியா. எதிரே அதிகார இடைவெளிக்கு இத்தனை, தனிமனித நோக்குக்கு இத்தனை என்று மதிப்பெண்கள். அதற்குக் கீழே செய்ய வேண்டியவை, கூடாதவை: விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடு, பரிசு கொண்டு போ, மூத்தவருக்கு முதலில் வணக்கம் சொல். பரீட்சைக்கு இது போதும். இதையே வேலைக்கும் கொண்டுபோனால் பணம் போகும், சில நாடுகளில் சட்டமும் பிடிக்கும்.

பணம் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். படிப்பு முடிந்த கையோடு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்தேன். ஜப்பானிலிருந்து கொள்முதல் குழு ஒன்று வந்தது. குனிந்த அளவு சரி, கார்டை நீட்டிய விதம் சரி, உட்கார்ந்த வரிசையும் சரி. எங்கள் விலைப் பட்டியலைப் பார்த்த குழுத் தலைவர் பல்லிடுக்கில் ‘ஸ்ஸ்’ என்று மூச்சை உள்ளே இழுத்தார். தலையைச் சற்றே சாய்த்து, ‘கென்தோ ஷிமாஸ்’ என்றார். பரிசீலிப்பதாகச் சொல்கிறார் என்றார் மொழிபெயர்ப்பாளர். ஜப்பானியர் நிதானமாகத்தான் முடிவெடுப்பார்கள், பொறுமையாக இருங்கள் என்று நான் முதலாளியிடம் தைரியம் சொன்னேன். என் வகுப்புக் குறிப்பில் அப்படித்தான் இருந்தது. அவர் என்னை நம்பி ஒரு சிஎன்சி மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்தார். ஆர்டர் வரவே இல்லை. அந்த மூச்சும் அந்தச் சொல்லும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்று அர்த்தம் என்பது, ஜப்பானிய மொழியை முறையாகக் கற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று அந்த மேஜையிலேயே அவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். கேட்கத் தெரியாதவன் நான்தான்.

ஜப்பானில் கூட்டம் நடக்கும் அறையில் முடிவு பிறப்பது அரிது. ‘நெமவாஷி’ என்பார்கள். பெரிய மரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் நடுவதற்கு முன், வேரைச் சுற்றித் தோண்டிப் பக்குவப்படுத்தும் தோட்டக்காரர் வேலைக்கு உரிய சொல் அது. கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசிச் சம்மதம் வாங்குவதற்கு அதையே சொல்கிறார்கள். பிறகு ‘ரிங்கி’ என்ற முன்மொழிவுத் தாள் கீழ்நிலை ஊழியரிடம் கிளம்பி, மேசை மேசையாக முத்திரை வாங்கிக்கொண்டு மேலே போகும். எங்கள் விலையை அந்தத் தாளில் எழுத வேண்டிய இளைஞர் அன்று குழுவின் கடைசி நாற்காலியில் இருந்திருப்பார். அவரிடம் நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மூத்தவரை மட்டும் கவனி என்றுதானே படித்திருந்தோம்!

அந்த மதிப்பெண்கள் எங்கிருந்து வந்தன என்று உங்கள் பேராசிரியரைக் கேளுங்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த கீர்ட் ஹாஃப்ஸ்டெட், 1967க்கும் 1973க்கும் இடையில் ஐபிஎம் என்ற ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக் கணிப்பை வைத்து 1980இல் எழுதிய நூலின் வழி வந்தவை அவை. மாவோ காலத்துச் சீனா அந்தக் கணிப்பில் இல்லவே இல்லை. சீனாவுக்கான எண்கள் பின்னால் சேர்ந்தவை. நாடுகளை ஒப்பிடத்தான் இந்த எண்கள், எதிரில் உட்கார்ந்திருக்கும் தனி மனிதரை எடைபோட அல்ல என்று ஹாஃப்ஸ்டெட்டே எச்சரித்திருக்கிறார். அந்த எச்சரிக்கை பல வகுப்புகளில் சொல்லப்படாமலே போய்விடுகிறது. இந்தியா முழுவதற்கும் ஒரே எண்ணாம். திருப்பூர் பனியன் முதலாளியையும் டெல்லி அரசு அதிகாரியையும் ஒரே எண்ணில் அடைக்க முடியுமா? நம்மை அடைக்க முடியாது என்றால் சீனாவை மட்டும் எப்படி அடைப்பது?

சீனா என்றதும் ‘குவான்ஷி’ என்ற சொல்லைச் சொல்லித் தருவார்கள். உறவு, செல்வாக்கு, விருந்து. சரி, கம்பெனி முத்திரையைப் பற்றிச் சொல்லித் தருகிறார்களா? சீனாவில் பதிவுசெய்த முத்திரை யார் கையில் இருக்கிறதோ, கம்பெனி நடைமுறையில் அவர் கையில்தான். பிரிட்டிஷ் சிப் வடிவமைப்பு நிறுவனமான ஆர்ம் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டது. அதன் சீனக் கூட்டு நிறுவனத்தின் தலைவர் ஆலன் வூவை நீக்குவதாக 2020இல் இயக்குநர் குழு வாக்களித்தது. அவர் போகவில்லை. முத்திரை அவரிடம் இருந்தது, பதிவேட்டில் சட்டப்பூர்வப் பிரதிநிதி என்று அவர் பெயர் இருந்தது. நிலைமையை மாற்ற 2022 ஆகிவிட்டது. உலகமே அறிந்த நிறுவனத்துக்கு இந்தக் கதி. திருப்பூரிலிருந்தோ கோவையிலிருந்தோ போய்க் கூட்டு வைக்கும் சிறிய கம்பெனி என்ன செய்யும்?

எனக்கு அதிகம் பயம் தருவது பரிசு விஷயம்தான். கொரியாவில் பரிசு மரியாதை என்று இன்னமும் சொல்லித் தருகிறார்கள். அங்கே 2016 செப்டம்பர் 28 முதல் ‘கிம் யோங் ரான் சட்டம்’ அமலில் இருக்கிறது. அரசு ஊழியர்கள், பத்திரிகையாளர்கள், தனியார் கல்லூரி உட்பட எல்லா ஆசிரியர்களும் இதற்குள் வருகிறார்கள். வாங்கியவரோடு கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. மார்க் போடும் பேராசிரியருக்கு மாணவர் ஒரு டப்பா காபி வாங்கிக் கொடுத்ததாக, சட்டம் வந்த முதல் நாளே போலீசுக்குப் புகார் போனது. ஊரிலிருந்து பட்டுப் புடவையும் குத்துவிளக்கும் பெட்டியில் வைத்துக்கொண்டு போகும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டா போகிறார்கள்? பெற்றோரே, அன்பாகத்தான் கொடுத்தனுப்புகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

சிங்கப்பூரில் அமைச்சராக இருந்த எஸ். ஈஸ்வரன், அலுவல் தொடர்புள்ளவர்களிடம் விலைமதிப்புள்ள பரிசுகளைப் பெற்ற வழக்கில் 2024 அக்டோபரில் 12 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். மலேசியாவில் 2020 ஜூன் 1 முதல், ஊழியர் லஞ்சம் கொடுத்தால் நிறுவனமும் பதில் சொல்ல வேண்டும். சீனாவில் ஜிஎஸ்கே மருந்து நிறுவனத்துக்கு லஞ்ச வழக்கில் 2014இல் 300 கோடி யுவான் அபராதம் விழுந்தது. ஆசியாவில் எல்லாம் உறவு வழியாகத்தான் நடக்கும் என்ற வாக்கியத்தை எங்கே படித்தாலும் அடித்துவிடுங்கள்.

கொரியர்கள் மேலிடத்துக்குக் கட்டுப்படுபவர்கள் என்பது இன்னொரு மனப்பாடம். 1987இல் கொரியத் தொழிலாளர்கள் நாடு முழுக்க நடத்திய வேலைநிறுத்தங்களைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சாம்சங்கிலேயே, சங்கம் கூடாது என்ற பழைய போக்குக்காக அதன் வாரிசுத் தலைவர் லீ ஜே யோங் 2020இல் மன்னிப்புக் கேட்டார். நான்கே ஆண்டில், நம் சுங்குவார்சத்திரத்தில் அதே நிறுவனத் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எந்த அட்டவணையில் இருக்கிறது இது?

படிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. இது அருமையான துறை, சென்னையைச் சுற்றி ஜப்பான், கொரியா, தைவான் கம்பெனிகள் இருக்கும்வரை நமக்கு நேரடியாகப் பயன்படும் துறை. சேருவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள், அவ்வளவுதான். அந்த நாட்டு மொழி பாடத்திட்டத்துக்குள் கட்டாயமாக இருக்கிறதா? ஒப்பந்தச் சட்டமும் லஞ்சத் தடுப்புச் சட்டமும் தனித் தாளாக உண்டா? வகுப்பில் எடுக்கும் நிறுவனக் கதைகளில் மிகப் புதியது எந்த ஆண்டுடையது? வகுப்பு ஆங்கிலத்தில்தானே என்று உங்களைச் சேர்த்துவிடும் ஏஜென்ட் சமாதானம் சொல்வார். வகுப்பு ஆங்கிலத்தில் இருக்கலாம், ஜப்பானில் நேர்முகத் தேர்வு பெரும்பாலும் ஜப்பானிய மொழியில்தான் நடக்கும். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வின் என்2 நிலைச் சான்றிதழைப் பல கம்பெனிகள் கேட்கின்றன. இரண்டு ஆண்டுப் படிப்பில் அதை எட்ட வேண்டுமானால் முதல் வாரமே தொடங்கியாக வேண்டும்.

மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.