கையொப்பம் எனும் அமானிதம்



தேர்தல் காலம் வந்துவிட்டால் நமது வாசற்படிக்கு வருகிறவர் வேட்பாளர்தான். அவர் கேட்கிறார், நாம் கொடுக்கிறோம் அல்லது கொடுக்காமல் விடுகிறோம். இந்த ஒழுங்கு தலைகீழாகி, பொதுமக்களே ஒருவருடைய வாசலைத் தட்டி, "நீங்கள் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கத்தான் வேண்டும்" என்று வற்புறுத்திய சம்பவம் ஒன்று 1992ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் நடந்தது. அதில் இறங்கி உழைத்தவர்களில், அதுவரை எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் போயிராத குடும்பப் பெண்களும் ஓய்வூதியம் பெறும் முதியவர்களும் ஏராளம்.

தூர தேசத்துத் தேர்தல் நமக்கெதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். ஒரு மனிதரை நம்பி நாம் கையொப்பம் இடும்போது அவரிடம் எதை ஒப்படைக்கிறோம், பதிலுக்கு எதைக் கேட்டுப் பெற்றிருக்க வேண்டும் என்பதை இந்தக் கதை நன்றாக விளக்குகிறது.

மக்கள் ஏன் சலித்தார்கள்?

1991ஆம் ஆண்டு வளைகுடா யுத்தம் முடிந்த கையோடு, ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ்ஷுக்கு அந்நாட்டு மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வரையில் ஆதரவு தெரிவித்தார்கள். ஆனால் யுத்த வெற்றி அடுப்பை எரிக்காதல்லவா? தொழிற்சாலைகள் மூடப்பட்டன. வேலையில்லாதோர் தொகை ஏறிக்கொண்டே போனது. 1992ஆம் ஆண்டில் மட்டும் அந்த அரசாங்கம் தன் வருமானத்தை விட ஏறக்குறைய 29,000 கோடி டொலர் கூடுதலாகச் செலவிட்டது. அரசின் மொத்தக் கடன் 4 இலட்சம் கோடி டொலரைத் தொட்டிருந்தது. மாதச் சம்பளம் போதாமல் கடைக் கொப்பியில் கடனை ஏற்றிக்கொண்டே போகும் ஒரு வீட்டின் நிலைதான் அது. கொப்பிதான் மிகப் பெரியது.

குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி என்ற இரண்டு பெரிய கட்சிகளும் ஒன்றையொன்று குறை கூறினவேயன்றிக் கடனைப் பற்றி மனம் திறந்து பேசவில்லை என்ற எண்ணம் மக்களிடையே பரவியது. அப்போதுதான் பலருடைய பார்வை ரொஸ் பெரோ என்ற செல்வந்தர் மீது விழுந்தது.

பெரோ 1930ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் மாநிலத்தில் பிறந்தவர். கடற்படையில் கடமையாற்றிய பின் ஐ.பீ.எம். கம்பனியில் கணினி விற்பனையாளராக இருந்தார். 1962இல் தம் மனைவியிடம் பெற்ற ஆயிரம் டொலரைக் கொண்டு சொந்தக் கம்பனி ஒன்றைத் தொடங்கி, 1984இல் அதனை ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்துக்கு 250 கோடி டொலருக்கு விற்றார். வளைகுடா யுத்தத்தை ஆரம்பத்திலேயே எதிர்த்த வெகுசில அமெரிக்கப் பிரமுகர்களில் அவரும் ஒருவர். எதையும் சாமானியர்களின் மொழியில் சுருக்கமாகச் சொல்லும் பழக்கம் அவருக்கிருந்தது. 1991ஆம் ஆண்டின் இறுதியிலேயே புளோரிடாவில் ஜெக் கார்கன் என்பவரும், டெனஸியில் ஜோன் ஜே ஹூக்கர் என்ற சட்டத்தரணியும் அவரைத் தேர்தலுக்கு இழுத்துவர முயன்றுகொண்டிருந்தார்கள்.

ஒரு நிபந்தனை

1992 பெப்ரவரி 20ஆம் திகதி இரவு, சீ.என்.என். தொலைக்காட்சியில் லெரி கிங் நடத்திய உரையாடல் நிகழ்ச்சிக்கு பெரோ வந்திருந்தார். போட்டியிடுவீர்களா என்று கேட்கப்பட்டபோது முதலில் மறுத்தார். கிங் விடாமல் கேட்கவே, முடிவில் ஒரு நிபந்தனை விதித்தார். சாதாரண மக்கள் தாமாகவே முயன்று 50 மாநிலங்களிலும் தமது பெயரை வாக்குச் சீட்டில் இடம்பெறச் செய்தால், தாம் நிற்பதாகக் கூறினார்.

இந்த நிபந்தனையின் பாரத்தை உணர அந்நாட்டுச் சட்டத்தை அறிய வேண்டும். நமது நாட்டில் ஜனாதிபதித் தேர்தலில் சுயேச்சையாக நிற்பவர், மக்களால் தெரிவுசெய்யப்பட்ட பாராளுமன்ற உறுப்பினராக இருப்பவராகவோ இருந்தவராகவோ இருக்க வேண்டும். அவர் கட்டுப்பணம் செலுத்தி நியமனப் பத்திரம் தாக்கல் செய்கிறார். அங்கே அப்படியல்ல. 50 மாநிலங்களுக்கும் 50 விதமான சட்டங்கள் உள்ளன. எத்தனை வாக்காளரின் கையொப்பம் வேண்டும், எந்தத் திகதிக்குள் வேண்டும், எத்தகைய படிவத்தில் வேண்டும் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

டெக்ஸாஸை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சுமார் 54,000 கையொப்பங்கள் தேவைப்பட்டன. அவ்வாண்டு கட்சிகளின் முதற்கட்டத் தேர்தலில் வாக்களித்த எவரும் அதில் கையொப்பமிடக் கூடாது. கால அவகாசம் இரண்டு மாதம். அதிகாரிகள் கையொப்பங்களை வாக்காளர் இடாப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முகவரி பிழைத்தாலும் பெயர் தெளிவில்லாவிட்டாலும் அது கழிக்கப்படும். ஆகவே கேட்ட தொகையை விட அதிகமாகத் திரட்டியாக வேண்டும்.

மேசையும் பேனையும்

தொண்டர்கள் புறப்பட்டார்கள். டலஸ் நகரில் பெரோ திறந்த தொலைபேசி நிலையத்துக்கு இலட்சக்கணக்கான அழைப்புகள் வந்து குவிந்தன. கடைத்தெருக்களிலும் வாகனத் தரிப்பிடங்களிலும் மடக்கு மேசைகள் போடப்பட்டன. வெயிலில் நின்று, போவோர் வருவோரை மறித்து, படிவத்தை விளக்கி, ஒவ்வொன்றாகக் கையொப்பம் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் படிவங்களைப் பரப்பிப் பிழை பார்த்தார்கள்.

பல மாநிலங்களின் சட்டப்படி, உப ஜனாதிபதி வேட்பாளரின் பெயரும் படிவத்தில் இருக்க வேண்டும். அதற்காகத் தற்காலிகமாக ஒரு பெயர் தேவைப்பட்டது. வியட்நாமில் பல்லாண்டு யுத்தக் கைதியாக இருந்த அட்மிரல் ஜேம்ஸ் ஸ்டொக்டேல் தம் பெயரை இரவல் கொடுத்தார். இறுதிவரை அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மே மாதத்தில் டெக்ஸாஸ் தொண்டர்கள் ஒப்படைத்த கையொப்பங்கள் 2 இலட்சத்துக்கும் அதிகம். ஜூன் மாதம் கெலப் நிறுவனம் எடுத்த கருத்துக் கணிப்பில் பெரோவுக்கு 39, புஷ்ஷுக்கு 31, கிளின்டனுக்கு 25 என்ற விகிதத்தில் ஆதரவு இருந்தது. கட்சியில்லாத ஒருவர், பதவியிலிருந்த ஜனாதிபதியை முந்தி நின்றார்!

ஜூலை 16

கஷ்டம் இங்கேதான் தொடங்கியது. வெற்றி கண்ணுக்குத் தெரியவும், டலஸ் தலைமையகம் தேர்தல் தொழில் வல்லுநர்களை அமர்த்தியது. குடியரசுக் கட்சிக்காரரான எட் ரோலின்ஸும் ஜனநாயகக் கட்சிக்காரரான ஹமில்டன் ஜோர்டனும் வந்து சேர்ந்தார்கள். சம்பளம் பெறும் ஆட்கள் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். முதல் நாளிலிருந்து மேசை போட்டு உழைத்தவர்களை அவர்கள் ஒதுக்குவதாகப் பல இடங்களில் மனக்கசப்பு மூண்டது. மறுபுறம், வல்லுநர்கள் சொன்ன யோசனைகளை பெரோவும் ஏற்கவில்லை. பத்திரிகைகள் அவருடைய கடந்த காலத்தைத் துருவின. கறுப்பின மக்களின் மாநாடு ஒன்றில் அவர் பேசிய விதம் சபையோரைப் புண்படுத்தியது. ஜூலை 15ஆம் திகதி ரோலின்ஸ் விலகினார்.

மறுநாள், ஜூலை 16ஆம் திகதி, தாம் போட்டியிடப் போவதில்லை என்று பெரோ அறிவித்தார். ஜனநாயகக் கட்சி புத்துயிர் பெற்றுவிட்டது, தாம் நின்றால் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காமல் தெரிவு பிரதிநிதிகள் சபைக்குப் போய்விடும் என்று காரணம் சொன்னார். பின்னர், தம் மகளின் திருமணத்தைக் குழப்ப எதிர்த்தரப்பினர் சதி செய்ததே காரணம் என்றார். அதற்கு அவர் ஆதாரம் காட்டவில்லை.

சகோதரிகளே, அந்தத் தொண்டர்களின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். நான்கு மாதங்களாக வீட்டு வேலையையும் பிள்ளைகளையும் சமாளித்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களிடம் "இவரை நம்புங்கள்" என்று சொல்லிக் கையொப்பம் வாங்கியிருக்கிறீர்கள். அந்த மனிதர் விலகிவிட்ட செய்தியை ஊராரோடு சேர்ந்து தொலைக்காட்சியில் கேட்கிறீர்கள். பலர் அழுதார்கள். சிலர் ஆத்திரத்தில் பதாகைகளைக் கிழித்தெறிந்தார்கள். கையொப்பமிட்ட அயலவர்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்பது அவர்களுடைய கவலை. விலகியவர் பெரோ, பதில் சொல்ல வேண்டியிருந்ததோ அவர்கள்.

ஆயினும் வேலை நிற்கவில்லை

வேறு மக்களாயிருந்தால் படிவங்களைக் குப்பையில் போட்டிருப்பார்கள். இவர்களில் பலர் தொடர்ந்து கையொப்பம் திரட்டினார்கள். அதற்கான செலவை பெரோவும் நிறுத்தவில்லை. செப்டெம்பர் மாதத்தில் 50 மாநிலங்களும் பூர்த்தியாயின. அம்மாதம் 28ஆம் திகதி மாநிலத் தொண்டர் தலைவர்கள் டலஸுக்கு அழைக்கப்பட்டார்கள். இரு பெரிய கட்சிகளின் தூதுக்குழுக்களும் அங்கு வந்து தம் கொள்கையை விளக்கின. அதன் பின், பெரோ நிற்க வேண்டும் என்றே தொண்டர் தலைவர்கள் கூறினார்கள். முன்கூட்டியே முடிவுசெய்த நாடகம் இது என்று சொன்னவர்களும் உண்டு. எப்படியாயினும், ஜூலையில் நடந்திருக்க வேண்டிய மஷூரா செப்டெம்பரில்தான் நடந்தது.

ஒக்டோபர் 1ஆம் திகதி பெரோ மீண்டும் களத்தில் இறங்கினார். தேர்தலுக்கு ஐந்து வாரங்கள்கூட இருக்கவில்லை. தம் பணத்தில் 6 கோடி டொலருக்கு மேல் செலவிட்டார். தொலைக்காட்சியில் அரைமணி நேர நிகழ்ச்சிகளை விலைக்கு வாங்கி, வரைபடங்களையும் ஒரு கோலையும் வைத்துக்கொண்டு, நாட்டின் கடனை வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போல் விளக்கினார். கோடிக்கு மேற்பட்டோர் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள்.

நவம்பர் 3ஆம் திகதி கிளின்டன் 43 வீத வாக்குகளோடு வென்றார். புஷ் 37 வீதத்துக்குச் சற்று அதிகமாகவும், பெரோ 18.9 வீதமும் பெற்றார்கள். 1 கோடி 97 இலட்சம் பேர் பெரோவுக்கு வாக்களித்தார்கள். இரு பெரிய கட்சிகளையும் சாராத ஒருவர் இவ்வளவு வீதம் பெற்றது 1912க்குப் பின் அதுவே முதல் தடவை. மேய்ன் மாநிலத்தில், புஷ்ஷின் குடும்ப இல்லம் இருக்கும் அந்த மண்ணிலேயே, அவரைப் பின்தள்ளி இரண்டாம் இடம் பெற்றார். ஆனால் அங்கே ஜனாதிபதியைத் தீர்மானிப்பவை மாநில வாரியான 538 தேர்வாளர் வாக்குகள். எந்த மாநிலத்திலும் முதலிடம் பெறாத பெரோவுக்கு அவற்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

உழைப்பு வீணானதா? முற்றாக அப்படிச் சொல்ல முடியாது. கடனைப் பற்றிப் பேசாமல் இனி அரசியல் செய்ய முடியாது என்ற நிலையை அந்த வாக்குகள் உண்டாக்கின. 1998இல் அமெரிக்க அரசின் வருமானம் செலவை மிஞ்சியது. அதற்குப் பொருளாதார வளர்ச்சி உட்படப் பல காரணங்கள் இருந்தாலும், அந்தப் பேச்சைச் சபைக்குக் கொண்டுவந்ததில் பெரோவின் தொண்டர்களுக்கும் பங்குண்டு. ஆயினும் அந்த நம்பிக்கை பழைய அளவுக்குத் திரும்பவில்லை. 1996இல் மறுபடி நின்றபோது அவருக்குக் கிடைத்தது 8.4 வீதமே. 2019இல் அவர் காலமானார்.

பிற்காலத்திலும் இவ்வாறான முயற்சிகள் நடந்தன. 2012இல் அமெரிக்கன்ஸ் இலெக்ட் என்ற அமைப்பு பல மாநிலங்களில் வாக்குச் சீட்டில் இடம் பிடித்தது. போதிய ஆதரவு பெற்ற வேட்பாளர் எவரும் அமையவில்லை. அவ்வாண்டு மே மாதம் முயற்சி கைவிடப்பட்டது. 2024 ஏப்ரலில் நோ லேபல்ஸ் அமைப்பும், தகுந்த வேட்பாளர் கிடைக்கவில்லை என்று கூறி ஒதுங்கிக்கொண்டது. பெரோவின் தொண்டர்களிடம் மனிதர் இருந்தார், அவரைக் கேள்வி கேட்கும் சபை இருக்கவில்லை. பின்வந்தவர்களிடம் சபையும் செலவும் இருந்தன, மனிதர் இருக்கவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

ஜனாதிபதித் தேர்தலுக்கு ஆள் தேடும் வேலை நமக்கு வராமல் போகலாம். ஆனால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கோ, ஊர் மாதர் சங்கத்துக்கோ, "நீங்கள்தான் பொறுப்பெடுக்க வேண்டும்" என்று ஒருவரை அழைத்து வரும் சந்தர்ப்பம் நம் எல்லோருக்கும் வருகிறது. வர மறுப்பவரைக் கெஞ்சி அழைத்து வருவதில் ஓர் ஆபத்தும் உண்டு. அவர் நமக்கு உபகாரம் செய்கிறார் என்ற எண்ணம் அவருக்கும் வந்துவிடுகிறது, நமக்கும் வந்துவிடுகிறது. பின்னர் அவரிடம் கணக்குக் கேட்க நாவு எழுவதில்லை.

எனவே அழைக்கும்போதே சில விடயங்களைப் பேசி முடித்துவிடுங்கள். முக்கிய முடிவுகளை யாரோடு கலந்து எடுப்பீர்கள்? பணம் உங்களுடையதாயினும் உழைப்பு எங்களுடையதாயிற்றே, எங்கள் சொல்லுக்கு என்ன இடம்? விலக விரும்பினால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்லவர் இக்கேள்விகளால் கோபிக்க மாட்டார்.

அடுத்த முறை ஒரு படிவம் உங்கள் வாசலுக்கு வந்தால், பேனையைக் கையிலெடுக்கும் முன் அதைக் கொண்டுவந்த பிள்ளையை உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, இந்த மூன்றையும் கேளுங்கள். அந்தப் பிள்ளைக்குப் பதில் தெரியாவிட்டால், தெரிந்துகொண்டு வரும்வரை படிவம் உங்கள் மேசையிலேயே இருக்கட்டும்.