பேங்க் கார்டில் உள்ள பொன்னிறச் சிப் என்ன செய்கிறது?



நம்ம தாத்தா பாட்டி காலத்தில் சம்பளம் என்றால் ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்று கையில் எண்ணி வாங்கும் காசு. இன்றைக்குப் பல குடும்பங்களுக்கு அது பேங்கில் விழுகிறது. வெளிநாட்டில் வேலை செய்யும் மகள் அனுப்பும் காசும் அங்கேதான் வந்து சேருகிறது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா டவுனுக்குப் போய், ஏ.ரி.எம். மெஷினில் கார்டைச் செருகி எடுக்கிறோம். அந்தக் கார்டில் பொன் நிறத்தில் சதுரமாக ஒன்று ஒட்டியிருக்கிறதே, அதை அழகுக்கு வைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். அதற்குக் கீழே அரிசி மணியை விடச் சற்றுப் பெரிய ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. பட்டறி கிடையாது. மெஷினுக்குள் போனதும் அங்கிருந்து கரண்ட் எடுத்து வேலை செய்யும், வெளியே வந்ததும் தூங்கிவிடும்.

இதைப் புரிந்துகொள்ள நம்ம சரித்திரத்திலேயே ஒரு சாமான் இருக்கிறது. 1900களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு ‘டின் டிக்கட்’ என்று ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். எந்தத் தோட்டம், எந்த ஆள் என்பதற்கான நம்பர் அதில் குத்தியிருக்கும். அந்த வில்லைக்குப் பேசத் தெரியாது. யார் கையில் இருந்தாலும் அதே நம்பரைத்தான் காட்டும். அதே மாதிரி இன்னொன்றைக் குத்தி எடுத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

பழைய பேங்க் கார்டின் பின்பக்கத்துக் கறுப்புப் பட்டையும் டின் டிக்கட் மாதிரிதான். எந்த மெஷினில் இழுத்தாலும் ஒரே விபரத்தைச் சொல்லும். திருடர்கள் ஏ.ரி.எம். வாயில் ஒரு சின்னக் கருவியை மறைத்துவைத்து அந்த விபரத்தைப் பிரதி எடுத்தார்கள். இந்தியாவில் ரிசர்வ் வங்கி, 2018 டிசம்பர் 31க்குள் பட்டை மட்டும் உள்ள கார்டுகளை மாற்றிச் சிப் கார்டு கொடுக்க வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது இதனால்தான்.

சிப் எப்படி வேறுபடுகிறது? அதற்குப் பதில் சொல்லத் தெரியும். அதற்குள் ஓர் இரகசிய எண் இருக்கிறது. இதைச் சாவி என்பார்கள். அந்தச் சாவி ஒருபோதும் வெளியே வராது. பேங்க் மெஷின் ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒரு கேள்வி எண்ணைக் கொடுக்கும். சிப் அந்த எண்ணையும், எடுக்கும் தொகையையும், இது எத்தனையாவது தடவை என்ற கணக்கையும் சாவியோடு கலந்து ஒரு விடையை அனுப்பும். பேங்க் தன் பக்கத்தில் அதே கணக்கைப் போட்டு, சரிதானா என்று பார்க்கும். நேற்றைய விடையைத் திருடி இன்றைக்குக் கொடுத்தால் செல்லாது, ஏனென்றால் இன்றைக்குக் கேள்வி வேறு.

சின்ன உதாரணம். சாவி 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி 12. இரண்டையும் பெருக்கினால் 84. இந்த விடையை அப்படியே அனுப்பினால் ஒட்டுக்கேட்பவன் 84ஐ 12ஆல் வகுத்து 7 என்று கண்டுபிடித்துவிடுவான். அதனால் கடைசி இலக்கம் 4ஐ மட்டும் அனுப்புகிறோம். இப்போது அவன் பாடு திண்டாட்டம். சாவி 2 ஆக இருந்தாலும், 7 ஆக இருந்தாலும், 12, 17, 22 ஆக இருந்தாலும் கடைசியில் 4 தானே வரும்! உண்மையான சிப்பில் இந்தக் கலக்கல் மிகவும் கடுமையானது. உலகமெங்கும் பேங்க் கார்டுகளில் அதிகம் பயன்பட்ட ஒரு முறையில், 1977இல் அமெரிக்காவில் தரமாக ஏற்கப்பட்ட ஒரு கணக்கை மூன்று முறை அடுக்கி, மொத்தம் 48 சுற்று கலக்குகிறார்கள். அதில் இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் 34 இலக்கம் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து முடிகிற காரியமில்லை.

ஒவ்வொரு கார்டுக்கும் வேறு சாவி என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கார்டின் சாவி எப்படியோ வெளியே போனாலும் பக்கத்து லயத்துக்காரர் கார்டுக்கு ஆபத்தில்லை.

கணக்கு கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது, அதைச் சிப்புக்குள் எழுதுகிறவர் கவனமாக எழுத வேண்டும். உங்கள் போனில் இருக்கும் சிம் கார்டும் இதே சாதிதான். அதற்குப் பின் நம்பர் போட்டால், மூன்று தடவை தப்பாக அடித்ததும் பூட்டிக்கொள்ளும். இதை எழுதுகிறவர், ‘முதலில் நம்பரைப் பார், தப்பென்றால் ஒரு வாய்ப்பைக் குறை’ என்றுதானே எழுதுவார்? அங்கேதான் ஓட்டை. திருடன், தப்பு என்று தெரிந்த உடனே, வாய்ப்பைக் குறைப்பதற்கு முன் கரண்டை வெட்டிவிடுவான். இப்படியே விடிய விடிய முயற்சி செய்யலாம். ஆகவே நல்ல புரோகிராமில் முதலில் வாய்ப்பைக் குறைத்து எழுதிவைத்துவிட்டு, பிறகுதான் நம்பரைப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் குறைத்ததைத் திருப்பிக் கொடுப்பார்கள். இரண்டு வரியை முன்பின் மாற்றியதில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் நம்ம பிள்ளைகள் இதை எழுதிப் பார்க்கலாம்.

கணக்கையே மறைத்துவைத்தால் இன்னும் பாதுகாப்பு என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். சிம் கார்டுகளில் அப்படியொரு இரகசியக் கணக்கு இருந்தது. அதன் விபரம் வெளியே கசிந்தது. 1998இல் கலிபோர்னியாவில் மார்க் பிரிசெனோ, இயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் என்ற மூவர் அதன் பலவீனத்தைக் கண்டுபிடித்து, சிம்முக்குள் இருந்த சாவியை எடுத்துக் காட்டினார்கள். கணக்கைப் பகிரங்கமாக வைத்து ஆயிரம் பேர் சோதித்துப் பார்ப்பது நல்லது, மறைக்க வேண்டியது சாவியை மட்டும்தான் என்று அறிஞர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே சொல்லிவந்தார்கள்.

இவ்வளவு செய்தும் சிப்பால் முடியாத ஒரு வேலை உண்டு. பின் நம்பரை அடிப்பது நீங்களா வேறு ஆளா என்று அதற்குத் தெரியாது. கார்டின் உறையில் பேனாவால் நம்பரை எழுதிவைப்பவர்கள் இருக்கிறார்கள். கடனுக்கு ஈடாகக் கார்டையும் நம்பரையும் சேர்த்து ஒப்படைப்பவர்களும் இருக்கிறார்கள். சம்பளம் விழுந்த அன்றைக்கு அவர்களுக்கு முன்னால் வேறொருவர் மெஷினில் நிற்பார். பேங்கின் கணக்கில் அது ஒழுங்காக, சரியான நம்பரோடு எடுத்த காசு. பிறகு முறைப்பாடு செய்தாலும் நிரூபிப்பது பெரும் பாடு.

“பேங்கிலிருந்து பேசுறோம், போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க” என்று வரும் அழைப்பும் இதே கதைதான். சாவியை உடைக்க முடியாதவன் உங்களிடமே கேட்கிறான். உண்மையான பேங்க் ஊழியருக்கு அந்த நம்பரோ பின் நம்பரோ தேவையே இல்லை. போனை வைத்துவிடுங்கள்.

கண் தெரியாத பாட்டிக்காக வேறு ஆள் மெஷினுக்குப் போகத்தான் வேண்டியிருந்தால், பேங்கில் புத்தகத்தோடு போய்க் காசு எடுப்பது நல்லது. அல்லது பிள்ளைகளில் ஒருவரைச் சேர்த்துக் கூட்டுக் கணக்காக மாற்ற முடியுமா என்று பேங்கில் கேளுங்கள். கார்டு தொலைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே போன் பண்ணி நிறுத்தச் சொல்லுங்கள். அழைக்க வேண்டிய நம்பர் கார்டின் பின்பக்கத்தில்தான் அச்சடித்திருக்கும். கார்டு போனால் அதுவும் சேர்ந்து போய்விடும் என்பதால் இன்றைக்கே அதை வீட்டுக் கலண்டரில் எழுதிவையுங்கள். அந்த நம்பரை மட்டும்தான், பின் நம்பரை அல்ல!