மாதிரி இரயில் மேடையின் உயரம்

நவராத்திரி நாட்களில் தஞ்சைப் பகுதியிலுள்ள ஒரு வீட்டிற்குக் கொலுப் பார்க்கச் செல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். படிகளில் தெய்வத் திருவுருவங்களும் செட்டியார் பொம்மைகளும் வரிசையாக வீற்றிருக்கின்றன. கீழ்ப்படிக்கு முன்னால், தரையிலே, ஈர மண்ணில் கடுகு முளைக்கவிட்டுப் பச்சைப் பசேலென்று ஒரு வயல் அமைத்திருக்கிறார்கள். அந்த வயலைச் சுற்றி வட்டமான தண்டவாளத்தில் சிறிய இரயில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியவர்கள் நின்றபடியே அதைப் பார்க்கிறார்கள்; "நன்றாயிருக்கிறது" என்று சொல்லிவிட்டுச் சுண்டலுடன் விடைபெறுகிறார்கள். அந்த வீட்டுக் குழந்தையோ குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு சேர்த்து வைத்துக்கொண்டு, வண்டி தன்னை நோக்கி வருவதைக் கண் கொட்டாமல் பார்க்கிறது. பெரியவர்களுக்கு அது பொம்மை. குழந்தைக்கு அது மெய்யான இரயில். இவ்வேறுபாட்டிற்கு வயது மட்டுமே காரணம் அன்று. கண் இருக்கும் உயரமும் ஒரு காரணமாகும்.

வீட்டில் மாதிரி இரயில் அமைக்க விரும்புவோர் முதலில் எண்ணிப் பார்க்கவேண்டியது இந்த உயரத்தைத்தான். பெரும்பாலோர் வண்டியை வாங்குகிறார்கள், தண்டவாளம் வாங்குகிறார்கள், கூடத்தில் இருக்கும் ஏதோ ஒரு மேசைமீது எல்லாவற்றையும் பரப்பிவிடுகிறார்கள். சில நாட்களில் முதுகு வலிக்கிறது. பார்க்கும் ஆவலும் குறைகிறது. பழி வண்டியின்மேல் விழுகிறது. குற்றமோ மேசையின் கால்களில் இருக்கிறது.

கண்ணின் கணக்கை முதலில் பார்ப்போம். உலகெங்கும் மிகுதியாக வழங்கும் மாதிரி அளவு 'எச்.ஓ.' எனப்படுவது. இதில் ஒவ்வொரு பொருளும் உண்மைப் பொருளின் 87-இல் ஒரு பங்கு இருக்கும். ஆகவே மாதிரியின்மேல் நம் கண் 1 சென்டிமீட்டர் உயர்ந்தால், மெய்யான உலகில் 87 சென்டிமீட்டர் உயர்ந்ததற்கு ஒப்பாகும். சாதாரணச் சாப்பாட்டு மேசையின் உயரம் 75 சென்டிமீட்டர். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் நிற்கும்போது அவர் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 155 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி 80 சென்டிமீட்டர். இதை 87-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 70 மீட்டர், அதாவது 230 அடி வருகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் ஏறத்தாழ 200 அடி. எனவே சாப்பாட்டு மேசைமீது ஓடும் வண்டியை நின்றுகொண்டு பார்ப்பவர், விமானத்தின் கலசத்திற்கும் மேலே பறக்கும் பருந்தின் கண்கொண்டு பார்க்கிறார். வண்டியின் கூரையும் வீடுகளின் ஓடும் அவருக்குத் தெரியும். சக்கரம் தெரியாது, சன்னலோரத்து முகம் தெரியாது.

இரயிலடியில் நின்று வண்டிக்குக் காத்திருப்பவன் கண்டதை அப்படியே காணவேண்டுமானால், நம் கண் தண்டவாளத்திற்குமேல் 2 அல்லது 3 சென்டிமீட்டர் உயரத்திலேயே இருக்கவேண்டும். குழந்தை கன்னத்தைத் தரையில் வைத்துக் கண்டுபிடித்தது இதைத்தான். ஆயினும் எந்நேரமும் அப்படியே பார்க்க இயலாது. முன்னால் நிற்கும் வண்டி பின்னால் இருப்பவற்றையெல்லாம் மறைத்துவிடும். ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் நின்று பார்ப்பதுபோன்ற உயரம், அதாவது கண்ணுக்கும் தண்டவாளத்திற்கும் 10 சென்டிமீட்டர் அளவு இடைவெளி, இரண்டிற்கும் நடுவான நிலையாகும். அதுவே 87 மடங்கில் ஏறத்தாழ 9 மீட்டர். அந்நிலையில் வண்டியின் பக்கமும் தெரியும். அப்பால் விரியும் வயலும் தெரியும்.

இனிக் கையின் கணக்கு. திருபுவனத்துப் பட்டு நெசவாளரின் குழித்தறியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தறியை உயர்த்தி வைக்காமல் தரையில் குழி வெட்டி, கால்களை அதனுள் இறக்கி, பாவு தம் மடிக்கு நேராக அமையும்படி அவர்கள் அமர்ந்துகொள்கிறார்கள். நாள் முழுவதும் செய்யும் வேலைக்கு உடம்பு வளையக்கூடாது என்பது அதன் உட்பொருள். நின்று செய்யும் வேலைக்கு அளவுகோல் முழங்கை. கையை மடக்கி நின்றால், நாம் சொன்ன 165 சென்டிமீட்டர் மனிதருக்கு முழங்கை ஏறத்தாழ 104 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அறுத்தல், அடித்தல் போன்ற வலுவான வேலைகளுக்கு மேசை முழங்கைக்கு நன்கு கீழே இருக்கவேண்டும். கண்ணருகே வைத்துச் செய்யும் நுண்ணிய வேலைகளுக்கு முழங்கைக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் மேலே இருப்பது நலம். தண்டவாளம் பொருத்துவதும், கம்பியைப் பற்றவைப்பதும், கவிழ்ந்த பெட்டியைத் தூக்கி நிறுத்துவதும் நுண்ணிய வேலைகளே. மரவேலையை வேறொரு தாழ்ந்த பலகையில் முடித்துக்கொண்டு, மேடையை முழங்கைக்குச் சற்று மேலாக அமைப்பதே தக்கது.

கண்ணும் கையும் கூறும் இவ்விரு கணக்குகளும் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. அதே மனிதர் சாதாரண நாற்காலியில் அமர்ந்தால் அவர் கண் தரையிலிருந்து 118 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். தண்டவாளம் 108 சென்டிமீட்டரில் இருந்தால், அமர்ந்து பார்க்கும்போது மேல்தளத்துக் காட்சி கிடைக்கிறது. நின்று வேலை செய்யும்போது கைக்கும் இசைவாக இருக்கிறது. ஆகவே மேடையை நின்று செய்வதற்கும் அமர்ந்து காண்பதற்கும் உரியதாக அமைக்கவேண்டும் என்பதே என் கருத்து. 105 முதல் 115 சென்டிமீட்டர் வரை நம்மவர் பலருக்கும் பொருந்தும். குள்ளமானவர்களும் நெட்டையானவர்களும் தத்தம் முழங்கையை அளந்து முடிவு செய்துகொள்ளலாம்.

பிற நாட்டார் கூட்டங்கூட்டமாக மேடைகளைச் செய்து ஓரிடத்தில் இணைக்கிறார்கள். அதற்காக உயரத்தை வரையறுத்து வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் 'பிரெமோ' அமைப்பினர் தண்டவாள உயரத்தை 130 சென்டிமீட்டர் என்று கொள்கின்றனர். அமெரிக்காவில் 'என்-டிராக்' முறையினர் 40 அங்குலமும், 'பிரீ-மோ' முறையினர் 50 அங்குலமும் கொள்கின்றனர். தேர்ந்தவர்களுக்குள்ளேயே ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் வேறுபாடு இருப்பதைக் காண்கிறோம். நின்று பார்ப்பவர்கள் கூடும் பொருட்காட்சிக்கு 130 சென்டிமீட்டர் சிறக்கும். வீட்டின் கூடத்திற்கு அது மிகை. மேலும், மேடை உயர உயரக் கை எட்டும் தொலைவு குறையும் என்பதையும் மறக்கலாகாது. 75 சென்டிமீட்டர் உயரமுள்ள மேசைமீது இடுப்பை வளைத்து நெடுந்தொலைவு எட்டலாம்; மார்பளவு உயர்ந்த மேடைமீது அவ்வாறு இயலாது. ஆதலின் ஒரு பக்கம் மட்டும் நின்று வேலை செய்வதாயின் அகலத்தை 60 சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுவரையொட்டி அகன்ற மேடை அமைப்பவர், மூலையில் ஒரு நாள் வண்டி கவிழும்போது அதன் துன்பத்தை அறிவார்.

நம் காவிரி நாட்டிற்கே உரிய ஒரு செய்தியும் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு 1861-இல் இரயில் வந்தது. முதலில் அகலப்பாதையாக இருந்தது, 1875-இல் மீட்டர் பாதையாக மாற்றப்பட்டது; ஒரு நூற்றாண்டுக்கு மேல் அவ்வாறே ஓடி, அண்மைக் காலத்தில் மீண்டும் அகலப்பாதை ஆயிற்று. மயிலாடுதுறையிலிருந்து திருக்கடையூர், பொறையாறு வழியாகத் தரங்கம்பாடிக்கு 1926-இல் திறந்த மீட்டர் பாதைக் கிளையோ 1980-களில் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்தக் கிளையை மாதிரியில் அமைக்க எண்ணுபவர், மீட்டர் பாதைக்கு ஏற்ற 12 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தைக் கொள்ளவேண்டும். சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 87-இல் ஒரு பங்காகச் சுருங்கினாலும் 345 மீட்டர் வரும். ஆகவே ஒரு நிலையத்தையும் அதன் இருபுறத்து வயல்களையும் மட்டும் எடுத்துக்கொள்வதே அறிவுடைமை.

இந்நாட்டு இரயில் பாதையின் அழகு எதில் இருக்கிறது? மலையில்லை, குகையில்லை. கண்ணுக்கெட்டிய வரையில் சமநிலம், அதன் நடுவே வெள்ளம் ஏறாதவாறு உயர்த்திய மண்கரை, கரையின்மேல் வண்டி, கீழே வாய்க்காலும் நாற்றும். மேடைப் பலகையின்மேல் நேராகத் தண்டவாளத்தைப் பதித்துவிட்டால் வாய்க்கால் ஓட இடமேது? 2 மீட்டர் உயரமுள்ள கரை மாதிரியில் 23 மில்லிமீட்டர் ஆகும். எனவே வயலுக்குரிய பலகையைச் சட்டத்தில் தாழ்த்தி வைத்து, பாதைக்குரிய பலகையை அதற்குமேல் 2 அல்லது 3 சென்டிமீட்டர் உயர்த்தித் தனியே தாங்கவேண்டும். ஆற்றுப் பாலம் வருமிடத்தில் இன்னும் தாழ்த்தவேண்டும். மேடையின் உயரம் என்று நான் இதுவரை சொன்னதெல்லாம் தண்டவாளத்தின் உயரமேயன்றிப் பலகையின் உயரம் அன்று. கால் மரத்தை அறுக்கும்போது இவ்வேறுபாட்டைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அறுப்பதற்குமுன் சோதித்துப் பார்ப்பதும் எளிது. சாப்பாட்டு மேசைமீது செங்கற்களை அடுக்கி, அவற்றின்மேல் ஒரு பலகையையும் ஒரே ஒரு பெட்டியையும் வையுங்கள். ஒரு வார காலம் போகும்போதும் வரும்போதும் நின்றும் அமர்ந்தும் பாருங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு செங்கல்லை எடுத்தும் சேர்த்தும் பார்த்தால், எந்த உயரத்தில் எல்லாரும் தம்மை மறந்து நிற்கிறார்கள் என்பது தானே விளங்கும். பிறகு பூவரசோ தேக்கோ கொண்டு கால்களைச் செய்யலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஈரம் கசியும் வீடுகளில் கால்களின் அடியில் கருங்கல் துண்டு வைப்பது கறையானுக்கும் காப்பாகும். காலின் அடியில் திருகாணி பொருத்தினால், மேடு பள்ளமான தரையிலும் ரசமட்டம் வைத்துச் சமன் செய்துகொள்ளலாம். மேடைக்கு அடியில்தான் மின்கம்பிகள் ஓடும். அங்கே தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து தலை இடிபடாமல் வேலை செய்ய இடமிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உயர்ந்த மேடையின் பெரும்பயன்களில் இதுவும் ஒன்று.

இறுதியாக, மேடை யாருக்காக என்னும் கேள்வி நிற்கிறது. தரங்கம்பாடி வண்டியில் சென்றுவந்த ஒரு பாட்டனார், தம் எட்டு வயதுப் பேரனுக்காக இதைச் செய்வதாக எண்ணிப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளையின் கண் ஏறத்தாழ 115 சென்டிமீட்டரில் இருக்கும்; அவன் நின்றபடியே பாட்டனார் அமர்ந்து காணும் காட்சியைக் காண்பான். ஐந்து வயதுத் தங்கைக்கு ஓர் உறுதியான படிப்பெட்டி போதும். ஆனால் பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வார்கள். பாட்டனாரோ ஆண்டுக்காண்டு குனிய இயலாதவர் ஆவார். வளர்கின்றவர்களுக்காக மேடையை ஒவ்வோராண்டும் உயர்த்தவும் இயலாது, சிறியவர்களுக்காகத் தாழ்த்தவும் வேண்டுவதில்லை. எவருடைய முதுகுக்கு வலி முதலில் வருமோ அவருடைய முழங்கைக்கும், அமர்ந்த கண்ணுக்கும் மேடையைப் பொருத்திவிடுங்கள். மற்றவர்களுக்குப் படியையும் இருக்கையையும் மாற்றிக் கொடுங்கள். படிப்பெட்டி சில ஆண்டுகளில் தேவையற்றுப் போகும்; பின்னர் அவன் பக்கத்தில் ஒரு நாற்காலி வரும்.

அந்த நாள் வரும்போது பேரனும் பாட்டனாரும் அருகருகே அமர்ந்திருப்பார்கள். இருவர் கண்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். பேரன் தன் வாழ்நாளில் காணாத வண்டி ஒன்று, பச்சை வயலுக்கு நடுவே, மண்கரையின்மேல், அவர்கள் கண்ணெதிரே வந்து நிற்கும்.