வரிசையில் காத்திருக்கும் செய்திகள்

ஒரு கணிப்பொறி மற்றொரு கணிப்பொறிக்கு ஒரு வேலையைச் சொல்கிறது. அவ்வேளையில் அந்த இரண்டாவது கணிப்பொறி பழுதாகிக் கிடந்தால்? சொன்ன வேலை காற்றோடு போய்விடும் அல்லவா? இதைத் தடுக்க இரண்டுக்கும் இடையே ஒரு வரிசையை வைக்கிறார்கள். முதலாவது, செய்தியை வரிசையில் சேர்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். மற்றது, ஒழிந்தபோது எடுத்துக்கொள்ளும். அமேசான் நிறுவனம் 2006 முதல் 'எஸ்.க்யூ.எஸ்.' என்ற பெயரில் இத்தகைய வரிசைகளை வாடகைக்கு விடுகிறது. இவை தொலைவிலுள்ள கட்டடங்களில், அந்நிறுவனத்தின் கணிப்பொறிகளில் இருக்கின்றன. இதைத்தான் 'மேகம்' என்கிறார்கள். வானத்தைப் பார்க்காதீர்கள்!

வரிசையிலிருந்து எடுத்த செய்தி உடனே அழிவதில்லை. வழக்கமாக 30 விநாடி மறைத்து வைக்கப்படுகிறது. வேலை முடிந்ததும், எடுத்த கணிப்பொறியே 'அழித்துவிடு' என்று சொல்ல வேண்டும். நடுவில் அது நின்றுபோனால் செய்தி மீண்டும் தலைகாட்டும். வேறொரு கணிப்பொறி அதை எடுத்துச் செய்யும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வேலைக்கே 40 விநாடி பிடிக்குமானால்? முதலாவது முடிக்குமுன்பே இன்னொன்று அதே வேலையைத் தொடங்கிவிடும். 'கணக்கிலிருந்து 500 ரூபாய் எடு' என்பது செய்தியானால், 1,000 ரூபாய் போய்விடும்! ஆகவே வேலைக்குத் தக்கபடி மறைக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். 12 மணி நேரம் வரை கூட்டலாம்.

ஒரு வரிசையென்றால் கையாலேயே மாற்றிவிடலாம். 200 வரிசைகள் இருந்தால் ஒன்றிரண்டு விட்டுப்போகும். இங்கேதான் 2012-இல் வெளிவந்த 'ஆன்சிபிள்' போன்ற மென்பொருள்கள் கைகொடுக்கின்றன. (விண்மீன்களுக்கிடையே நொடியில் செய்தி அனுப்பும் கற்பனைக் கருவிக்கு அர்சுலா லெ குவின் 1966-இல் தம் நாவலில் இட்ட பெயர் இது.) 'வரிசையை உண்டாக்கு' என்று இதற்குக் கட்டளையிடுவதில்லை. 'இந்தப் பெயரில் வரிசை இருக்க வேண்டும். மறைக்கும் நேரம் 120 விநாடியாக இருக்க வேண்டும்' என்று ஒரு கோப்பில் எழுதி வைக்கிறோம். ஆன்சிபிள் போய்ப் பார்க்கும். வரிசை இல்லையென்றால் உண்டாக்கும். நேரம் 30 என்றிருந்தால் 120 ஆக்கும். எல்லாம் சரியாயிருந்தால் தொடாமல் திரும்பும். பத்து முறை இயக்கினாலும் விளைவு ஒன்றே.

கணக்கில் இதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். -5-இன் தனிமதிப்பு 5. அந்த 5-க்கு மறுபடியும் தனிமதிப்பு கண்டாலும் 5தான். இப்பண்புக்கு 1870-இல் பெயர் சூட்டியவர் அமெரிக்கக் கணித அறிஞர் பெஞ்சமின் பியர்ஸ்.

மறைக்கும் நேரத்தைச் சரியாக வைத்தாலும், சாதாரண வரிசையில் ஒரு செய்தி எப்போதாவது இருமுறை வந்துவிடலாம். அதை ஆன்சிபிள் தடுக்காது. ஆனால் அதன் வழி இங்கும் உதவும். '500 ரூபாய் எடு' என்பதற்குப் பதிலாக, '7314-ஆம் எண் ரசீதுக்கு 500 ரூபாய் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்' என்று செய்தியை எழுதுங்கள். இரண்டாவது முறை வரும்போது கணிப்பொறி ஏட்டைப் பார்த்து, 7314 முடிந்துவிட்டது என்று கண்டு, செய்தியை அழித்துவிடும்.