தூளியில் முதுகு குளிர்வது ஏன்?

அமெரிக்காவில் சுமார் 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் மலைப்பாதையில் நடைப்பயணம் செல்வோர் சிலர், இரவில் இரு மரங்களுக்கிடையே துணித் தூளி கட்டிப் படுக்கின்றனர். தரையின் ஈரமும் கல்லும் அவர்களை உறுத்துவதில்லை. ஆனால், குளிர்காலத்தில் இறகு அடைத்த படுக்கைப் பைக்குள் புகுந்துகொண்டாலும் முதுகு மட்டும் சில்லிட்டுப்போகிறது. காரணம் என்ன?

கம்பளியோ இறகோ தாமாக வெப்பத்தைத் தருவதில்லை. அவற்றினிடையே அடைபட்டிருக்கும் காற்று ஓர் அரிதிற் கடத்தி. அதுவே உடல் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. தூளியில் படுத்ததும் உடலின் எடையால் முதுகின் அடியிலுள்ள இறகு நசுங்கி, அதிலிருந்த காற்று வெளியேறிவிடுகிறது. கீழே வீசும் குளிர்காற்றோ வெப்பத்தை இடைவிடாமல் கவர்ந்து செல்கிறது. உடலின் வெப்பநிலை 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து அல்லவா?

இதைத் தவிர்க்கும் வழி எளிது. இறகு மெத்தை ஒன்றைத் தூளிக்குள் விரிக்காமல், வெளியே அதன் அடிப்புறத்தை ஒட்டினாற்போல் தொங்கவிட வேண்டும். எடை அதன்மீது விழாததால் அது நசுங்குவதில்லை. தூளிக்கும் மெத்தைக்கும் நடுவே இடைவெளி விட்டால் குளிர்காற்று புகுந்துவிடும். மெத்தை இல்லாதவர்கள், எளிதில் நசுங்காத நுரைப்பாயைத் தூளிக்குள் விரித்துக்கொள்ளலாம்.

நம் வீட்டில் அமுங்கிப்போன பஞ்சு மெத்தையைப் பிரித்துப் பஞ்சைக் கொட்டித் தைத்தால் மீண்டும் கதகதப்பாவதும் இதே காரணத்தால்தான்.